குதிரை லாயத்துக்கு ரப்பர் தரை: எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது?

கேள்வி:

வணக்கம். எங்கள் லாயத்தில் இப்போது வெறும் கான்கிரீட் தரைதான் இருக்கிறது. வயது முதிர்ந்த குதிரை ஒன்றின் பின்னங்கால் மூட்டில் மயிர் உதிர்ந்து தோல் தடித்திருப்பதைப் பார்த்த மருத்துவர், தரையின் கடினமே அதற்குக் காரணம் என்றும் ரப்பர் விரிப்புப் போடுவது நல்லது என்றும் கூறினார். விசாரித்தால், தனித்தனிப் பாய்களாக வருவது, விளிம்புகளில் பல் வைத்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது, அறை முழுவதற்கும் ஒரே துண்டாக விரிப்பது எனப் பல வகைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையும் 12 அடிக்கு 12 அடி. எந்த வகையை, எவ்வளவு கனத்தில் வாங்குவது? ரப்பர் போட்டபின், குதிரைக்குப் படுக்கையாகப் பரப்பும் மரச்சீவலை அடியோடு நிறுத்திவிடலாமா?

மறுமொழி 1:

கனத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். லாயத்துக்கென்றே செய்யப்படும் பாய் பொதுவாக 4 அடிக்கு 6 அடி அளவிலும் முக்கால் அங்குலக் கனத்திலும் ஏறத்தாழ 45 கிலோ எடையிலும் வரும். உங்கள் அறைக்கு இப்படி ஆறு பாய்கள் போதும், துண்டு போட வேண்டிய தேவையே இராது. அரை அங்குலப் பாய் நடைபாதைக்குச் சரி, ஆனால் முன்னங்காலால் தரையைப் பறிக்கும் பழக்கமுள்ள குதிரை அதன் ஓரத்தை எளிதில் கிளப்பிவிடும். கனமான பாயை அதன் எடையே பிடித்து வைத்திருக்கும், போதாததற்கு நான்கு பக்கமும் சுவர் இருப்பதால் நகர்வதற்கு இடமும் இருக்காது. எனவே நேர் விளிம்புள்ள தனிப் பாய்களே போதுமென்பது என் கருத்து. பல் வைத்த வகையில் நடுவிலுள்ள ஒன்றை எடுக்க வேண்டுமானால் பக்கத்துப் பாய்களின் பற்களையும் கழற்றியாக வேண்டும்.

பொருளின் தரத்தைக் கடையிலேயே சோதித்துவிடலாம். வல்கனைசு செய்த (கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய) ரப்பர் இறுக்கமாக இருக்கும், ஈரத்தை உறிஞ்சாது. பழைய டயர்த் துகள்களைப் பசையால் ஒட்டிச் செய்த பாயோ கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் வழியாக மூத்திரத்தை உள்வாங்கிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு கழுவினாலும் நாற்றம் முழுமையாகப் போகாது. மேற்பரப்பில் சிறிது நீர் ஊற்றி, அது அப்படியே நிற்கிறதா, மெல்ல உள்ளே இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஒரு மூலையை மடக்கி விரல் நகத்தால் சுரண்டும்போது கறுப்புத் துகள்கள் உதிர்ந்தால் அந்தப் பாய் வேண்டாம்.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும், பாய் நிலைப்பது அதற்கு அடியிலுள்ள தரையைப் பொறுத்ததுதான். கான்கிரீட்டில் வடிகாலை நோக்கி நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை வாட்டம் (சரிவு) இருக்க வேண்டும். 12 அடி நீளத்துக்கு இது ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்று அங்குலம். அடிப்புறத்தில் பள்ளக்கோடுகள் உள்ள பாயைத் தேர்ந்தெடுத்து, அக்கோடுகள் வாட்டத்தின் திசையில் அமையும்படி விரித்தால், இடுக்குகள் வழியே இறங்கும் ஈரம் தேங்காமல் வெளியேறும். மண்தரையாக இருந்தால் கதை வேறு: கல்தூளைப் பரப்பி, நனைத்து, நன்றாகத் திமிசு போட்டு, ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தியபின் அடிப்புறம் தட்டையான பாயை விரிக்க வேண்டும்.

வெயிலில் ரப்பர் விரியும் என்பதால் சுவரோரம் சிறு இடைவெளி விடுங்கள். குளிர்ந்த வேளையில் இறுக்கிப் பொருத்திய பாய் வெப்பத்தில் நடுவே உப்பிக்கொள்ளும். வெட்ட நேர்ந்தால், கோட்டுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து வெட்டுவாய் விரியும்படி செய்து, கத்தியைச் சோப்பு நீரில் தோய்த்துக்கொண்டு பலமுறை மெல்ல இழுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயன்றால் கத்திதான் ஒடியும்.

மறுமொழி 2:

முந்தைய மறுமொழியில் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. தனிப் பாய்களை எவ்வளவு நெருக்கமாகப் போட்டாலும் இடுக்கு இடுக்குதான். மூத்திரம் மிகுதியாகப் பெய்யும் குதிரையாக இருந்தால், ஒரே துண்டாக விரித்துச் சுவரோரத்தை நீர் புகாதபடி அடைத்துவிடுவதே மேல். தூக்கி அமர்த்துவதற்குப் பலர் வேண்டும், ஓரிடம் கிழிந்தால் சரிசெய்வதும் கடினம் என்ற குறைகளை நான் மறுக்கவில்லை.

மரச்சீவலை அடியோடு நிறுத்துவது உங்கள் குதிரைக்கு நன்மை தராது. மெத்தை ஆழத்தைக் குறைக்கலாம், அவ்வளவே. ரப்பர் ஈரத்தை உறிஞ்சாது. கால்களில் தெறிப்பதை விரும்பாத குதிரைகள் வெறுந்தரையில் மூத்திரம் பெய்யத் தயங்கி அடக்கிக்கொள்வதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சொரசொரப்பான ரப்பரில் படுத்து எழும்போது ஏற்கனவே தடித்திருக்கும் அந்த மூட்டு மேலும் உராயும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. எங்கள் தரையில் வாட்டம் இருப்பதால் தனிப் பாய்களையே வாங்க எண்ணுகிறேன். நாற்றத்துக்குப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றலாம் என்று லாயத்தில் வேலை செய்பவர் சொல்கிறார். அது சரியா?

மறுமொழி 3:

மூத்திரம் ஊறிய தரையில் நேரடியாக ஊற்றவே கூடாது. பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்னும் நச்சுவாயு உண்டாகும். மூடிய அறையில் அது குதிரைக்கும் உங்களுக்கும் ஆபத்து. முதலில் சாணத்தையும் ஈரச்சீவலையும் முழுவதும் அள்ளிவிட்டு, மென்மையான சோப்பு நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கிருமிநாசினி தேவைப்பட்டால் அதற்குப் பிறகுதான், அதுவும் குதிரையை வெளியே கட்டி, கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு. அழுக்கின்மேல் ஊற்றும் கிருமிநாசினி பெரும்பாலும் வீண்தான். ஈக்களுக்காக மண்ணெண்ணெயோ டீசலோ தெளிப்பதையும் விட்டுவிடுங்கள், அவை ரப்பரை ஊதி இளகச் செய்யும். சுட்ட சுண்ணாம்பைத் தூவினால் ஈரத்தில் வெந்து குளம்பையும் தோலையும் புண்ணாக்கும்.

நாற்றத்தை நின்றபடி முகர்ந்து முடிவு செய்யாமல், குதிரை படுக்கும்போது அதன் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். அங்கே கண் கரித்தால் பாய்களைத் தூக்கி அடித்தளத்தைக் கழுவிக் காயவிடும் வேளை வந்துவிட்டது. பூட்டிக்கொள்ளும் இடுக்கிகளால் ஓரத்தைப் பற்றி இருவர் இழுத்தால் விரலை நசுக்கிக்கொள்ளாமல் வேலை முடியும். கழுவிய ரப்பர் லாடமடித்த காலுக்கு வழுக்கும், ஆகவே நன்கு உலர்ந்த பின்னரே குதிரையை உள்ளே விடுங்கள். திரும்ப விரிக்கும்போது வாசலிலும் தீவனத் தொட்டியருகிலும் தேய்ந்த பாய்களைப் பின்மூலைகளுக்கு மாற்றிவிடலாம். அளவு ஒன்றாக இருப்பதால் தனிப் பாயில் அந்த வசதி உண்டு.