தாவர நிலையா, மறுமொழியிலா விழிப்பா?

மூளை பலமாகப் பாதிக்கப்பட்டு, கண் விழித்தும் சொன்னதற்கு மறுமொழி தராதவரின் நிலையை ஆங்கிலத்தில் vegetative state என்கிறார்கள். நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் அதற்கு எந்தச் சொல்லைப் போடுவது என்ற பேச்சில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘தாவர நிலை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, பத்திரிகைகளும் எழுதுகின்றன. இப்போது எதற்குப் புதுச்சொல்?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான் ஐயா. ஆனால் நாம் எதைப் பார்த்து மொழிபெயர்த்தோமோ அந்த ஆங்கிலப் பெயரே அங்கே ஆட்டம் கண்டுவிட்டது. 1972-இல் கிளாஸ்கோவின் பிரையன் ஜென்னட்டும் நியூயார்க்கின் ஃபிரெட் பிளமும் லான்செட் மருத்துவ இதழில் அதைச் சூட்டியபோது, செடிகொடி அவர்கள் மனதில் இல்லை. மூச்சு, செரிமானம், தூங்கி எழுவது என்று உடல் தானாகச் செய்யும் வேலைகள் மட்டும் நடக்கின்றன என்பதே பொருள். பிறகு அது ஆங்கிலத்திலேயே ‘காய்கறி’ (vegetable) என்ற ஏளனமாகத் தேய்ந்தது. நாம் நேராகவே தாவரம் ஆக்கிவிட்டோம்!

2010-இல் பெல்ஜியத்தின் நரம்பியல் மருத்துவர் ஸ்டீவன் லாரிஸ் முதலானோர் unresponsive wakefulness என்று மாற்றுப் பெயர் கொடுத்தார்கள். கண் விழிக்கிறார், சொன்னதற்கு மறுமொழி இல்லை. அவ்வளவுதான் அந்தப் பெயர் சொல்கிறது. உள்ளே உணர்வு உண்டா இல்லையா என்று வாயே திறப்பதில்லை. அதனால்தான் இங்கே ஒருவர் முன்வைத்த ‘உணர்விலா விழிப்பு’ எனக்கு ஒப்பவில்லை. அழகான சொல், ஆனால் தீர்ப்பு எழுதிவிடுகிறது. என் முன்மொழிவு: மறுமொழியிலா விழிப்பு.

> விழிப்புணர்வு இழப்பு என்றால் எல்லோருக்கும் புரியுமே?

அங்கேதான் சிக்கல். விழிப்பு (wakefulness) வேறு, உணர்வு (awareness) வேறு என்பதே இந்தத் துறையின் அரிச்சுவடி. கோமாவில் இரண்டும் இல்லை. இங்கே விழிப்பு இருக்கிறது, உணர்வுதான் கேள்வி. இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி, டெங்கு ஒழிப்புப் பேரணிக்குக் கொடுத்துவிட்டோம். ‘நினைவு’ என்று போனாலும் ஞாபகத்தோடு குழம்பும்.

இந்த வேறுபாட்டைக் கட்டிலருகே சோதிக்கும் முறை மிக எளிது. முகத்துக்கு நேரே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து மெல்ல இடமும் வலமும் நகர்த்துவார்கள். கண்கள் அதைத் தொடர்ந்து போனால் நோயின் பெயரே மாறும். 2002-இல் வரையறுத்த ‘குறைந்த உணர்வு நிலை’க்கு வந்துவிடுகிறார்.

சரி, கண்ணும் தொடரவில்லை என்றால்? 2006-இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு, சாலை விபத்தில் அடிபட்ட 23 வயதுப் பெண்ணை ஸ்கேனுக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னது. விரல்கூட அசையவில்லை. ஆனால் அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதி, நலமாக இருப்பவர்களுக்குப் போலவே, ஸ்கேனில் ஒளிர்ந்தது. 2024-இல் வந்த பெரிய ஆய்வில், கட்டளைக்குக் கட்டிலில் அசையாத 241 பேரில் 60 பேர் இப்படி உள்ளுக்குள் கட்டளையைப் பின்பற்றியிருந்தார்கள்.

இவர்களுக்கு என்ன சொல்? ‘உள்ளுணர்வு’ வேறு பொருளுக்குப் போய்விட்டது. ‘மறைந்த உணர்வு’ என்றால் இரங்கல் செய்தி. எனக்குச் சித்திரகவிதான் கைகொடுத்தது: ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பதைக் கரந்துறைச் செய்யுள் என்கிறோமே, அப்படியே கரந்துறை உணர்வு.

> மருத்துவமனை வாசலில் நிற்கும் அம்மாவுக்கு இது புரியுமா?

புரியாது. அவரிடம் மருத்துவர், “உள்ளே நினைவு இருக்கும்மா, அவரால வெளியே காட்ட முடியலை” என்று சொல்லட்டும். கட்டுரை எழுதுகிறவருக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டுமே, அதற்குத்தான் இது. இதைவிடச் சுருக்கமாக யாராவது தந்தால் என்னுடையதை இப்போதே திரும்பப் பெறுகிறேன்.

அப்புறம், பட்டியலில் concussion என்பதற்கு ‘மூளை அதிர்ச்சி’ என்று இருப்பதை ‘மூளை அதிர்வு’ என்று திருத்திவிடுங்கள். அதிர்ச்சி என்றால் கெட்ட செய்தி கேட்டது போல் இருக்கிறது. விளக்கக் குறிப்பில் ‘மயங்கி விழுதல்’ என்றும் போட்டிருக்கிறது, அதையும் எடுத்துவிடலாம். மயங்காமலே மூளை அதிர்வு வரும், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, எழுந்து நின்று, “இப்ப ஸ்கோர் என்ன?” என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறவருக்கும் அதுதான்.