ஆத்துத் தண்ணில குளோரைடு 230, எலுமிச்சைக்கு விடலாமாங்க?

நொய்யல்கரை:
நமக்கு நொய்யல் ஆத்துல ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ காடுங்க. 2011ல திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொல்லி கோர்ட் ஆர்டர் வந்தப்புறம் தண்ணி கொஞ்சம் தேறும்னு நம்பி ஒன்றரை ஏக்கர் எலுமிச்சை வெச்சேன், பக்கத்துல கடலை. இப்ப எலை நுனி தீஞ்சு பழுப்பாகி கொட்டுது. தண்ணி டெஸ்ட் பண்ணதுல குளோரைடு லிட்டருக்கு 230 மில்லிகிராம், ஈசி (மொத்த உப்பைக் காட்டற மின்கடத்து அளவு) 1.5. லேப்ல 250க்குள்ளதான இருக்கு தாராளமா விடுங்கறாங்க, உரக்கடைல ஜிப்சம் போடுங்கறாங்க. எதைங்க நம்பறது?

டெஸ்ட்டியூப்:
அந்த 250 குடிதண்ணி கணக்குங்க, பயிருக்கு இல்ல. நம்மூர் பாசனத் தண்ணி தரத்துல 600 வரைக்கும் இருக்கு, ஆனா அது எல்லாப் பயிருக்கும் சேத்து போட்ட பொதுக்கணக்கு. உப்பு தாங்காத பயிருக்கு எஃப்ஏஓ (ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பு) சொல்றது, வாய்க்கால்ல பாய்ச்சினா 142 வரைக்கும் பயமில்ல, அதுல இருந்து 355 வரைக்கும் பாத்து விடணும், அதுக்கு மேல போனா சிரமம்தான். தெளிப்புன்னா 106லயே கவனம் வேணும். சில லேப் ரிப்போர்ட்ல மில்லி ஈக்விவலன்ட்னு போட்டிருக்கும், அத 35.5ஆல பெருக்குனா மில்லிகிராம் வந்துரும், அந்தக் கணக்குல உங்களுது 6.5. ஜிப்சம் சோடியத்துக்குதாங்க, குளோரைடுக்கு ஒண்ணும் பண்ணாது.

அவகாடோபைத்தியம்:
கலிபோர்னியால சான்டா கிளாரா ஆத்துல இதே பஞ்சாயத்து வருசக்கணக்கா ஓடுச்சு. அவகாடோவுக்காக குளோரைடு வரம்பு 100ஆ 117ஆன்னு சண்டை, கடைசில வீட்டுல தண்ணிய மென்மையாக்க உப்பு போடற மெஷினையே எடுக்க வெச்சாங்க. ஆனா எலுமிச்சைல வேர்ச்செடி (ஒட்டுக்கு அடில இருக்கற செடி) என்னன்னு தெரியாம பேசக்கூடாது. சாத்துக்குடி வேர்ல ஒட்டுனதுன்னா 230 கிட்டத்தட்ட எல்லை, ரங்பூர்ங்கற எலுமிச்சை ரக வேர்னா அதுக்கு ரெண்டு மடங்கு தண்ணிலயும் நிக்கும்.

காட்டுவேலை:
அதெல்லாம் சரி, தோட்டம் பூராவும் கருகுதா, ஒரு பக்கம் மட்டுமா? எப்படிங்க பாய்ச்சறீங்க?

நொய்யல்கரை:
எலுமிச்சைக்கு சொட்டுநீர்ங்ணா. கடலைக்கு ரெயின்கன், தூரமா பீச்சியடிக்கற பெரிய தெளிப்பான். நீங்க கேட்டப்புறம் போய் பாத்தேன், கடலைக்காட்ட ஒட்டுன மூணு வரிசைதான் மோசம், அதுலயும் ரெயின்கன் பாத்த பக்கத்து எலைதான் கருகியிருக்கு, பின்பக்கம் பச்சையா நிக்குது. சாயங்காலக் காத்துல அங்க வரைக்கும் தண்ணி தெறிக்கும்ங்க.

காட்டுவேலை:
அப்ப அதேதான். எலுமிச்சை எலை வழியாவே குளோரைட இழுத்துக்கும், 178க்குக் கீழயே எலை கருக ஆரம்பிக்கும்னு கணக்கு. அந்தப் பக்கம் ரெயின்கன்ன நிறுத்துங்க, முடியலைன்னா காத்தில்லாத ராத்திரில ஓட்டுங்க, வெயில்ல எலைமேல காயக் காய உப்புதான் மிஞ்சும். பொட்டாஷ் எது போடறீங்க?

நொய்யல்கரை:
செவப்பு பொட்டாஷ்ங்க, மரத்துக்கு அரை கிலோ.

டெஸ்ட்டியூப்:
போச்சு போங்க! அதுல பாதிக்குப் பாதி குளோரைடுதாங்க. சல்பேட் பொட்டாஷுக்கு மாறுங்க, விலை ஜாஸ்திதான். அப்புறம் சாம்பிள் எப்ப எடுத்தீங்க?

நொய்யல்கரை:
ஐப்பசி மழை விட்டு நாலாம் நாள்.

டெஸ்ட்டியூப்:
அப்ப 230 உங்களுக்கு நல்ல காலத்து நம்பர்ங்க. சித்திரைல ஆறு வத்துனப்ப இன்னொன்னு எடுங்க, பாட்டில அதே தண்ணில மூணு தடவை அலசிட்டு, மோட்டார் கால் மணி நேரம் ஓடுனப்புறம் புடிங்க. அது 355ஐத் தாண்டுச்சுன்னா அந்த மாசம் சொட்டுநீருக்கும் கெணத்துத் தண்ணி கலந்துதான் விடணும். கெணத்தையும் டெஸ்ட் பண்ணிருங்க, ஆத்தோரக் கெணறு ஆத்த விட மோசமா இருந்தாலும் இருக்கும்.