தெரபிக்குப் போன பிறகு தூக்கமே போச்சு, நிறுத்திடலாமா?

லயத்துக்காரி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். எனக்குத் தெரிந்த 31 வயசுப் பெண். ஒன்பது வயசில் சொந்தக்காரர் ஒருத்தரால் பாலியல் கொடுமை. இப்பவும் ராத்திரி வாசலில் மோட்டார் சத்தம் வந்து நின்றால் உடம்பு விறைத்துவிடுகிறது. மூன்று தடவை தெரபி போனதில் கெட்ட கனவு கூடிப்போச்சு. "எதுக்குக் கிளறணும்?" என்கிறார் அம்மா. நிறுத்திடலாமா?

செம்பனைக்காடு: ஆரம்பத்தில் சிலருக்குக் கூடத்தான் செய்யும், அக்கா. பல வருஷம் ஒதுக்கி வைத்த நினைவைத் தொடுகிறார்கள் அல்லவா? ஆனால் முதல் நாளே "நடந்ததை முழுசா சொல்லு" என்று கேட்டிருந்தால் தப்பு அங்கேதான். இஎம்டிஆர் (EMDR: கண்ணை இடவலமாக அசைக்க வைத்துப் பழைய நினைவின் வேகத்தைத் தணிக்கும் தெரபி) என்றால் 8 கட்டம்; முதல் இரண்டும் விவரம் கேட்பதும் தயார்படுத்துவதும்தான். ஒரு அமர்வு 60 முதல் 90 நிமிஷம். கடைசிப் பத்து நிமிஷமாவது ஆளை அமைதிக்குக் கொண்டுவர ஒதுக்கணும். அதை விட்டுட்டு மணி ஆச்சு என்று அனுப்பினால் பஸ்ஸிலேயே கைகால் நடுங்கும்.

சிபிடி (CPT, Cognitive Processing Therapy) என்ற முறையும் உண்டு, சுமார் 12 அமர்வு. "என்மேல்தான் தப்பு" மாதிரி எண்ணங்களைத் தாளில் எழுதி, அதுக்கு என்ன ஆதாரம் என்று அலசுவார்கள். நடந்ததை விலாவாரியாகச் சொல்லாமலேயே செய்யலாம். கனவு கூடியதை அடுத்த தடவை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்க. வேகத்தைக் குறைக்க வேண்டியது தெரபி தருபவர் வேலை.

கித்தாமரம்: மோட்டார் சத்தம் கேட்டதும்: விளக்கைப் போட்டு, வெறுங்காலைச் சிமெண்டுத் தரையில் அழுத்தணும். 4 எண்ணி மூச்சிழுத்து, 6 எண்ணி விடணும். கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லணும். பிறகு, "எனக்கு 31 வயசு, கதவைப் பூட்டினது நான்." கண்ணை மூடித் தியானம் வேண்டாம், சிலருக்கு அதிலேயே பழைய காட்சி வந்துவிடும். பகலில் பழகினால்தான் ராத்திரி கைகொடுக்கும்.

அம்மாவிடம் ஒன்று: "அப்பவே ஏன் கத்தல?" என்று கேட்கவே கூடாது. பயத்தில் உடம்பு உறைவது தானாக நடப்பது, சம்மதம் இல்லை.

தைப்பிங் அண்ணன்: தெரபி தரும் கவுன்சலர், கவுன்சலர் சட்டம் 1998-இன்படி பதிவு செய்தவரா என்று பாருங்க. இல்லாவிட்டால் அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கி, பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம். சாகணும்போல் இருக்கு என்று சொன்னால் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சி. தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவி எண் 15999, 24 மணி நேரமும் உண்டு.

கொடுமை செய்த அந்த ஆள் வீட்டுப் பக்கம் இப்போ சின்னப் பிள்ளைகள் இருக்காங்களா? அதை முதலில் சொல்லுங்க.