என்.ஆர்.ஏ. எப்போது மாறியது? அதன் மீதான குற்றச்சாட்டுகளில் எது வலுவானது?

கேள்வி:
அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ., 1871இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டபோது குறிபார்த்துச் சுடும் திறனை வளர்ப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது என்று படித்தேன். ஒரு பயிற்சிச் சங்கம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை எதிர்ப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டது எப்போது? அதன் மீதான குற்றச்சாட்டுகளில் எதை வலுவானதாகக் கருதுகிறீர்கள்?

பதில் 1:
திருப்பம் 1977இல் நேர்ந்தது. 1934இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்த அன்றைய தலைவர் கார்ல் ஃபிரெடரிக், பொதுவிடங்களில் ஆயுதம் ஏந்திச் செல்வதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்றார். இன்று படிப்பவருக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். கென்னடி, மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் படுகொலைகளுக்குப் பின் வந்த 1968ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சங்கம் முற்றாக எதிர்க்கவில்லை. அரசியலிலிருந்து விலகி வேட்டை, விளையாட்டு ஆகியவற்றின் பக்கம் திரும்ப விரும்பிய தலைமையை, சின்சினாட்டி ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களே வாக்களித்து அகற்றினர். பொறுப்பேற்ற ஹார்லன் கார்ட்டர் எவ்விதச் சமரசத்துக்கும் இடம் கொடுக்கவில்லை.

பதில் 2:
என்னைப் பொறுத்தவரை, மிகக் கனமான குற்றச்சாட்டு ஆய்வைத் தடுத்தது பற்றியது. வீட்டில் துப்பாக்கி இருப்பது அவ்வீட்டில் கொலை நிகழும் அபாயத்தைக் கூட்டுவதோடு தொடர்புடையது என்று 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. அதற்கு நிதியளித்த அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் மீது சங்கம் நெருக்கடி கொடுத்தது. 1996இல் அந்த நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் பயன்படுத்தக்கூடாது என்ற டிக்கி திருத்தம் வந்தது. கூடவே, முந்தைய ஆண்டு துப்பாக்கிக் காய ஆய்வுக்குச் செலவான அதே 26 லட்சம் டாலர் குறைக்கப்பட்டது. சட்டத்தின் சொற்கள் ஆய்வைத் தடைசெய்யவில்லை. ஆயினும் அச்சம் தடைசெய்தது. திருத்தத்தைக் கொண்டுவந்த ஜே டிக்கியே 2012இல் ஆய்வு தேவை என்று எழுதினார். 2019 இறுதியில்தான் இதற்கென 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இடையில் இழந்த இருபதாண்டுகளை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பதில் 3:
ஆய்வு பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் உறுப்பினர்களுக்குச் சங்கம் இழைத்த துரோகத்தையும் பேச வேண்டும். அவர்களின் பணத்தைத் தவறாகச் செலவிட்டதற்காக, நீண்ட காலம் சங்கத்தை வழிநடத்திய வெய்ன் லாபியேர் சுமார் 43 லட்சம் டாலரைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் நியூயார்க் நடுவர் குழு முடிவு செய்தது. அதே ஆண்டு மே மாதம், காப்பீட்டு நிறுவனங்கள் சங்கத்தோடு உறவை முறிக்கும்படி அரசு அதிகாரி அழுத்தம் கொடுத்ததாகத் தொடர்ந்த வழக்கைச் சங்கம் மேற்கொண்டு நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் சங்கத்துக்காக வாதாடியது, துப்பாக்கிக் கொள்கையில் அதனோடு உடன்படாத குடிமக்கள் உரிமை அமைப்பான ஏ.சி.எல்.யூ. என்பதைக் கவனியுங்கள். சங்கத்தின் கருத்துகளை எவ்வளவு கடுமையாகவும் எதிர்க்கலாம். ஆனால் அவற்றைச் சொன்னதற்காக அரசு தண்டிக்கலாகாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 1977இல் தலைமையை அகற்றியவர்களும் உறுப்பினர்களே, பின்னாளில் பணத்தை இழந்தவர்களும் உறுப்பினர்களே என்பதை நான் சேர்த்துப் பார்த்திருக்கவில்லை. சின்சினாட்டிக் கூட்டத்தைப் பற்றி மேலும் படிக்கத் தொடங்குகிறேன்.