பிரிட்டனில் வெளியே சாப்பிடப் போறீங்களா? வாயைத் திறந்து கேளுங்க

செப்டம்பர், ஜனவரி ஆனா போதும், படிக்கப் புதுசா வந்து இறங்கின நம்ம பிள்ளைகள்கிட்டருந்து இந்தக் கேள்வி வந்துடும். "அண்ணா, சாப்பிடப் போனோம், கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், ஒருத்தரும் வந்து என்ன வேணும்னு கேட்கலை. நம்ம ஆளுங்கன்னு ஒதுக்குறாங்களா?" அப்படி ஒரு இடமும் இருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பெரும்பாலும் காரணம் வேற. நீங்க போய் உட்கார்ந்தது பப், அதாவது மதுவோட சாப்பாடும் விக்கிற இடம். பப்ல மேசைக்கு ஆள் வரணும்னு கட்டாயம் இல்லை. மேசை மூலையில ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து வச்சுக்கிட்டு நேரா பார்ங்கிற கவுன்ட்டருக்குப் போய், சாப்பாட்டைச் சொல்லி, நம்பரைச் சொல்லி, காசையும் அங்கேயே கட்டிட்டு வரணும். பார்ல வரிசை நிற்கிற மாதிரியே தெரியாது, ஆனா யாருக்கு அப்புறம் யாருன்னு அங்க நிற்கிற எல்லாருக்கும் தெரியும். முந்தினா சண்டைக்கு வர மாட்டாங்க, ஒரு பார்வை பார்ப்பாங்க, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல உட்கார்ந்த உடனே தண்ணி டம்ளர் வந்துடும். சாம்பார் வாளி தானா சுத்தி வரும். சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பில்லும் வந்து, சில நேரம் பின்னாடி இடத்துக்கு ஆளும் நின்னுடும். இங்க எதுவும் தானா வராது, கேட்டா வரும். பில் உட்பட. நீங்களா கேட்கிற வரைக்கும் பில்லை நீட்டினா விரட்டுற மாதிரி ஆகிடும்னு அவங்க நினைப்பு. அதனால இந்த ஊர் சர்வர் தூரமா நிற்கிறதை வச்சு மார்க் குறைக்காதீங்க. நான் ஒரு இடத்தை எடை போடுறது ஒரே விஷயத்தை வச்சுதான்: நாம ஒண்ணு கேட்கும்போது அவங்க என்ன பண்றாங்க?

முதல்ல தண்ணி. வெறும் "வாட்டர்"னு சொன்னா "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா"ன்னு, அதாவது சாதாவா, கேஸ் அடைச்சதான்னு கேட்டுட்டு பாட்டில் கொண்டு வந்து விலை போடுவாங்க. "டேப் வாட்டர்"னு, குழாய்த் தண்ணின்னு கேளுங்க. மது விற்க லைசென்ஸ் இருக்கிற எந்த இடமும் வாடிக்கையாளர் கேட்டா குடிதண்ணி இலவசமா கொடுத்தாகணும், சட்டமே இருக்கு. கேட்க வெட்கப்பட வேண்டாம், பக்கத்து மேசை வெள்ளைக்காரரும் அதைத்தான் குடிச்சுக்கிட்டு இருப்பார்.

அடுத்தது சைவம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா நம்ம வீட்டுப் பெரியவங்க மனசு புண்படுறது இங்கதான். மெனுவில காய்கறி பேர் மட்டும் இருந்தா சைவம்னு நினைச்சுடாதீங்க. வெஜிடபிள் சூப்ல கோழி ஸ்டாக், அதாவது கோழி எலும்பை வேக வச்ச சாறு இருக்கலாம். ரோஸ்ட்னு சொல்ற சுட்ட இறைச்சிச் சாப்பாட்டோட வர்ற கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறுதான். நம்ம குழம்பு மாதிரின்னு ஊத்திக்காதீங்க. பார்மேசான் சீஸ் பாலைத் திரிய வைக்க, கன்னுக்குட்டி வயித்துல எடுக்கிற ரெனெட் போட்டுச் செய்யறது, அதனால கறாரா சைவம் பார்க்கிறவங்களுக்கு ஆகாது. வூஸ்டர் சாஸ்ல நெத்திலி வகை மீன் இருக்கு. சிப்ஸ் (இங்க சிப்ஸ்னா நீளமா வெட்டிப் பொரிச்ச உருளைக்கிழங்கு) வெறும் உருளைக்கிழங்குதானேன்னு நினைப்போம். வட இங்கிலாந்துல லீட்ஸ், பிராட்ஃபோர்ட் இருக்கிற யார்க்ஷயர் பக்கம் பல கடைகள்ல மாட்டுக் கொழுப்புல பொரிக்கிறாங்க, அதைப் பெருமையா போர்டுலயும் எழுதி வைப்பாங்க. தாவர எண்ணெய்ல பொரிச்சாலும் மீன் பொரிச்ச அதே எண்ணெயாவும் இருக்கலாம். மெனுவில 'வி' எழுத்து போட்டிருந்தா சைவம். பால், முட்டைகூட சேராத வீகனுக்குத் தனிக் குறி இருக்கும், கடைக்குக் கடை அது மாறும், அடியில எழுதியிருக்கிற விளக்கத்தைப் பாருங்க.

சந்தேகம் வந்தா கேட்க ஒரு வழி இருக்கு. "இதுல சிக்கன் ஸ்டாக் இருக்கா?"ன்னு நேரா கேளுங்க. "இது வெஜிடேரியனா?"ன்னு பொதுவா கேட்டா அவசரத்துல "யெஸ், யெஸ்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஒரு சின்ன ஊர் கஃபேல என் மனைவி தக்காளி சூப் கேட்டாங்க. பரிமாற வந்தது பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பொண்ணு. "எனக்குத் தெரியலை, பார்த்துட்டு வர்றேன்"னு உள்ள போய், எண்ணெய்க் கறை படிஞ்ச ஒரு தடி ஃபைலைத் தூக்கிட்டு வந்துச்சு. மேசையிலேயே விரிச்சு, ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிச்சுது. செலரி, பால், அப்புறம் கோழி. "சாரி, இது உங்களுக்கு வேண்டாம். லீக் அண்ட் பொட்டேட்டோ சூப் சரியா இருக்கும், அதையும் பார்த்துட்டேன்." சூப் சுமார்தான். ஆனா அந்தக் கடைக்கு நாங்க இன்னமும் போறோம்.

அந்த ஃபைல் சும்மா மரியாதைக்கு வச்சிருக்கிறது இல்லை. 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் எந்தச் சாப்பாட்டுல இருக்குன்னு வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கணும்னு இங்க சட்டம். பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகையறா, எள், கோதுமை எல்லாம் அதுல வரும். கடுகும் உண்டு. நம்ம தாளிப்பையே பட்டியல்ல போட்டுட்டாங்க! குழந்தைக்குக் கடலை ஆகாதுன்னா ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிடுங்க. "கொஞ்சூண்டுதான் இருக்கும், ஒண்ணும் ஆகாது"ன்னு எந்தக் கடை சமாளிச்சாலும், நம்ம ஆளுங்க கடையாவே இருந்தாலும், எழுந்து வந்துடுங்க.

பில். மெனுவில போட்டிருக்கிற விலையிலேயே வாட் வரி அடங்கியிருக்கும். அமெரிக்கா, கனடா சொந்தக்காரங்க சொல்ற மாதிரி மேல வரி ஏறாது. ஏறுறது சர்வீஸ் சார்ஜ். லண்டன்ல பெரும்பாலும் 12.5 சதவீதம். 40 பவுண்டுக்குச் சாப்பிட்டா 5 பவுண்டு கூடும். பக்கத்துல 'டிஸ்க்ரெஷனரி'ன்னு இருந்தா கொடுக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம். கவனிப்பு சரியில்லைன்னா "சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க"ன்னு சொல்லலாம், எடுத்துடுவாங்க, ஒண்ணும் தலை போகாது. ஆனா கவனிச்சாங்கன்னா கொடுத்துடுங்க. 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுசா வேலை செய்றவங்களுக்கே போய்ச் சேரணும், முதலாளி அதுல கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு. அந்தத் தட்டைத் தூக்கிட்டு வர்றதுல நிறைய பேர் உங்களை மாதிரி மாணவர்கள்தான். ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க: பில்லுலயே சர்வீஸ் சார்ஜ் போட்டுட்டு, கார்டு மெஷினும் திரும்ப டிப்ஸ் கேட்கும். ரெண்டு தடவை கொடுக்க வேண்டியதில்லை. பப்ல பார்ல ஆர்டர் பண்ணினா டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டாங்க.

குறை சொல்றது எப்படி? ரெண்டு வாய் சாப்பிட்டதும் சர்வர் வந்து "எவ்ரிதிங் ஓகே?"ன்னு கேட்பாங்க. அதான் நேரம். வெள்ளைக்காரங்க இந்த இடத்துல என்ன செய்வாங்கன்னு பாருங்க, வேடிக்கையா இருக்கும். பக்கத்து மேசையில ஒரு வயசான தம்பதி. அவர் கத்தியை வச்சு அறுக்கிறார், ஸ்டேக் அசைய மாட்டேங்குது. சர்வர் வந்ததும் ரெண்டு பேரும் ஒரே குரல்ல "லவ்லி, தேங்க் யூ". அவர் வீட்டுக்குப் போய் ஒரு ஸ்டார் போட்டு ஒரு பக்கம் எழுதுவார்னு நினைக்கிறேன். நீங்க அப்படிச் செய்யாதீங்க. "சாரி"ன்னு ஆரம்பிங்க, தப்பு அவங்களுதாவே இருந்தாலும். "சாரி, இது நடுவுல சில்லுன்னு இருக்கு"ன்னு மெதுவா சொன்னா மாத்திக் கொடுப்பாங்க, இல்லை பில்லுல கழிப்பாங்க. குரலை உயர்த்தினா காரியம் கெட்டுடும். தட்டைக் காலி பண்ணிட்டுக் குறை சொன்னாலும் எடுபடாது.

சுத்தம் எப்படின்னு தெரிஞ்சுக்கணும்னா கதவுல கறுப்பும் பச்சையுமா ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. 0 முதல் 5 வரை மார்க். வேல்ஸ்லயும் வட அயர்லாந்துலயும் ஒட்டியே ஆகணும். இங்கிலாந்துல கட்டாயம் இல்லை, அதனால மார்க் குறைஞ்ச கடைக்காரர் ஸ்டிக்கரை உள்ளயே வச்சுப்பார். இந்த மார்க்கை வெளியிடுற அரசு அமைப்பான ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி தளத்துல கடை பேரைத் தட்டினா தெரிஞ்சுடும். ஸ்காட்லாந்துல மார்க்குக்குப் பதிலா 'பாஸ்' ஸ்டிக்கர் இருக்கும். இந்த மார்க் ருசிக்கு இல்லை. சமையலைக் கையாளுற விதம், இடத்தோட சுத்தம், பதிவேடு ஒழுங்கா வச்சிருக்காங்களா, இதுக்குத்தான். நம்ம ஆளுங்க நடத்துற சின்னக் கடைகள் சில நேரம் காகித வேலையிலயே மார்க்கை விட்டுடுவாங்க. அதனால 3 இருந்தா யோசிக்காம போவேன். 2 இருந்தா எதுல குறைச்சாங்கன்னு பிரிச்சுப் பார்ப்பேன். 1, 0 இருந்தா பிரியாணி எவ்வளவு மணந்தாலும் அந்தப் பக்கம் போறதில்லை.

இப்ப இந்தியச் சாப்பாடு. 'இந்தியன் ரெஸ்டாரன்ட்'னு போர்டைப் பார்த்து ஆசையா உள்ள போய், முகம் வாடி வெளியே வர்றவங்க நிறைய. அந்தப் பழைய கறி ஹவுஸ்கள்ல பெரும்பாலானவை வங்கதேசத்துச் சில்ஹெட் பக்கத்துக் குடும்பங்கள் நடத்துறது. வெங்காயத்தை வேக வச்சு அரைச்ச ஒரே அடிக் குழம்பு, அதுலேருந்துதான் கோர்மா, மெட்ராஸ், விந்தாலு எல்லாம் பிரியும். மெட்ராஸ்னு வர்றதைச் சென்னையில யாரும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. அது இங்கயே பிறந்து வளர்ந்த சாப்பாடு. 2001-ல அப்போதைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாதான் பிரிட்டனோட உண்மையான தேசிய உணவுன்னு ஒரு உரையிலேயே சொன்னார். அதனால அம்மா சமையலை வச்சு அதை அளக்காதீங்க. அதை அதாவே சாப்பிட்டா நல்லாவே இருக்கும். ஆர்டருக்கு முன்னாடியே அப்பளமும் ஊறுகாய்த் தட்டும் வந்தா இலவசம்னு நினைச்சு நொறுக்காதீங்க, பல இடத்துல தலைக்கு இவ்வளவுன்னு பில்லுல வரும். ரெண்டு மூணு தடவை போய் முகம் பழகினதும், "நீங்க உள்ள என்ன சமைச்சுச் சாப்பிடறீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. சில கடைகள்ல ஸ்டாஃப் கறின்னு எலும்போட ஒரு கறி கிடைக்கும். மெனுவில இருக்காது.

நம்ம சாப்பாடுதான் வேணும்னா லண்டன்ல ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி, ஹாரோ பக்கம் போங்க. தோசைக் கடையை எடை போட மசாலா தோசை சொல்லாதீங்க, இட்லி சொல்லுங்க. இந்தக் குளிருக்கு மாவு பொங்க வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. ஜனவரியில இட்லி பஞ்சா வந்துச்சுன்னா அந்தச் சமையல்காரரை நம்பலாம். ஈழத்தமிழர் கடைகள் வேற ரகம். பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரோல்ஸ், வடை, பின்னாடி கொத்து ரொட்டி தட்டுற சத்தம். "என்ன தம்பி வேணும், கெதியா சொல்லும்"னு, சீக்கிரம் சொல்லுன்னு கேட்பாங்க. கோபம்னு நினைக்காதீங்க, அவசரம். கவனிப்புக்கு ரெண்டு மார்க் போட்டா சாப்பாட்டுக்கு ஒன்பது போடணும். இடியாப்பம், சொதி, சம்பல் பார்சல் வாங்கினா ரெண்டு பேர் ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சுடும். காரம் நார்மல் போதும்னு வீரமா சொல்லாதீங்க. மதுரைக்காரன் நானே கண் கலங்கினேன்.

ஆன்லைன் மதிப்புரைகளை நான் புதுசு முதல்ல வர்ற மாதிரி போட்டுத்தான் படிப்பேன். சமையல்காரர் மாறினா கடையே மாறிடும், மூணு வருஷத்துக்கு முந்தின பாராட்டு எதுக்கு? அஞ்சு ஸ்டாரும் ஒரு ஸ்டாரும் விட்டுட்டு மூணு ஸ்டார் போட்டவங்களைப் படிங்க, அவங்கதான் என்ன சாப்பிட்டாங்கன்னு சொல்லுவாங்க. காசு கொடுத்துப் பொய் மதிப்புரை எழுத வைக்கிறதை 2025 ஏப்ரல்ல சட்டமே தடை பண்ணிடுச்சு, ஆனா எல்லாம் ஒழிஞ்சு போச்சுன்னு நம்ப நான் தயாரில்லை.

ஒரு தங்கை கேட்டிருந்தாங்க, ஊர்லேருந்து மாமியார் மாமனார் வர்றாங்க, எங்க கூட்டிட்டுப் போறதுன்னு. முதல்ல நேரத்தைப் பாருங்கம்மா. லண்டனைத் தாண்டினா பல இடத்துல ஒன்பது மணிக்கு அடுப்பை அணைச்சுடுவாங்க, நம்ம வழக்கப்படி ஒன்பதரைக்குப் போய் நின்னா குடிக்க மட்டும்தான் கிடைக்கும். மத்தியானமே நல்லது. என்னைக் கேட்டா கார்டன் சென்டர் கஃபே. ஆமா, செடி விக்கிற இடம்தான். வண்டி நிறுத்த இடம் இருக்கும், கழிவறை சுத்தமா இருக்கும், சுத்தி உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் ரிட்டயர் ஆனவங்க, யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. சீஸும் பீன்ஸும் போட்ட ஜாக்கெட் பொட்டேட்டோ (தோலோட சுட்ட முழு உருளைக்கிழங்கு) மாமனாருக்கு, டீயும் ஸ்கோன்ங்கிற குட்டி பன்னும் மாமியாருக்கு. மிளகாய்ப்பொடி ஒரு சின்ன டப்பால கைப்பையில போட்டுக்கோங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

லீட்ஸ், பிராட்ஃபோர்ட் பக்கம் இருக்கிறவங்க யாராவது, தாவர எண்ணெய்ல சிப்ஸ் பொரிக்கிற கடைகள் தெரிஞ்சா இங்கயே போடுங்க. போன வாரம் இதைக் கேட்ட ஒரு தம்பிக்கு நான் இன்னும் பதில் சொல்லலை.