மறுமொழி: ‘ஏர்மொபைல்’ படைக்குத் தமிழ்ச்சொல் – ‘தாவுபடை’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வியட்நாம் போரில் அமெரிக்காவின் 1ஆம் குதிரைப்படை டிவிஷன் பற்றி எழுதிவருகிறேன். 1965 ஜூலையில் அதன் பெயரோடு ‘ஏர்மொபைல்’ என்ற அடைமொழி சேர்ந்தது; ஹெலிகாப்டரில் இடம்விட்டு இடம் போய்ப் போரிடும் காலாட்படை என்று பொருள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். வந்த மூன்று விடைகளையும் என் வரைவில் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

> வான்வழிப் படை என்றே எழுதலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். பாராசூட்டில் குதிக்கும் ‘ஏர்போர்ன்’ படையையும் நாம் வான்வழிப் படை என்றுதான் எழுதுகிறோம். இந்த டிவிஷனை உருவாக்கியவர்கள் விலகிவர விரும்பியதே அந்த முறையிலிருந்துதான். இதன் தளபதி ஹாரி கின்னார்ட் 1944இல் நார்மண்டியில் பாராசூட்டில் குதித்தவர். அந்த இரவில் வீரர்கள் வயலுக்கு ஒருவராகச் சிதறி விழுந்ததை நேரில் கண்டவர். பாராசூட் வீரன் ஒருமுறைதான் இறங்குவான். இறங்கியபின் அவன் காலாள். வந்த விமானம் அவனுக்காகத் திரும்பி வராது. 1963 முதல் ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் கின்னார்ட் சோதித்துப் பார்த்தது இதற்கு நேர்மாறான ஒன்றை. ஒரே படை, ஒரே நாளில் பல இடங்களில் இறங்கி எழும்ப முடியுமா என்பதே கேள்வி. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் வாசகர் முதல் பக்கத்திலேயே வழிதவறுவார்.

சிக்கல் இன்னும் உண்டு. அமெரிக்காவின் பாராசூட் படையாக இருந்த 101ஆவது டிவிஷன் 1968இல் ஹெலிகாப்டர் படையாக மாறியது; இன்றும் ‘ஏர்போர்ன்’ என்ற பழைய பெயரைத்தான் வைத்திருக்கிறது. பெயர் ஒன்று, செயல் வேறு. ஆகவே நமக்கு இரண்டு தனிச்சொற்கள் வேண்டும். ஏர்போர்னுக்கு ‘வான்குடைப் படை’ இருக்கட்டும். அது நன்றாக ஊன்றிவிட்ட சொல்.

> உலங்கு வானூர்திப் படை. ஈழத்தில் பழகிய சொல்தானே?

‘உலங்கு வானூர்தி’ எனக்கும் பிடித்த சொல். ஆனால் இங்கே அது கருவியைச் சொல்கிறது, படையைச் சொல்லவில்லை. கேட்பவர் விமானப்படையின் ஒரு கிளை என்று எண்ணிவிடுவார். இவர்களோ காலாட்கள், ஹெலிகாப்டர் இவர்களுக்குக் கால். 1965 நவம்பர் 17 அன்று இயா டிராங் பள்ளத்தாக்கில் ‘ஆல்பனி’ என்ற வெளியை நோக்கி இவர்களின் ஒரு பட்டாலியன் நடந்தேதான் போனது. வழியில் வட வியட்நாம் படையிடம் சிக்கி 155 பேர் மாண்டார்கள். அந்த அத்தியாயத்தில் ‘உலங்கு வானூர்திப் படை நடந்து சென்றது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> வான்நகர் படை.

பொருளுக்கு மிக அருகில் வந்த சொல் இது. ஆனால் ‘நகர்’ என்றதும் ஊர் வந்து நிற்கிறது. அண்ணா நகர், தியாகராய நகர் என்று வாசித்துப் பழகிய கண்ணுக்கு ‘வான்நகர்’ வானத்தில் ஒரு ஊர்தான்.

என் பரிந்துரை: தாவுபடை.

வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. 1968 ஏப்ரலில் கே சான் என்ற அமெரிக்கத் தளத்தின் முற்றுகையை உடைக்கப் போன நடவடிக்கையைப் பாருங்கள். கடற்படைக் காலாட்கள் 9ஆம் சாலை வழியே முன்னேறினார்கள்; பொறியாளர்கள் பாலங்களைச் செப்பனிட்டுக்கொண்டே வந்தார்கள். 1ஆம் குதிரைப்படையோ சாலையைத் தொடாமல் இருபுறக் குன்றுகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் 8ஆம் நாள் முற்றுகையிடப்பட்ட தளத்தை அடைந்துவிட்டது. இதைத் தமிழில் சொல்ல ‘தாவியது’ என்பதைவிட வேறு வினை எனக்குத் தோன்றவில்லை.

குதிரையும் விட்டுப்போகவில்லை. பழம்பாடல்களில் குதிரைக்கு ‘வாம்பரி’ என்று பெயர் உண்டு. வாவுதல் என்றால் தாவுதல். 1943இலேயே குதிரைகளைக் கைவிட்ட இந்த டிவிஷன், தோளில் அணியும் மஞ்சள் சின்னத்தில் குதிரைத்தலையை இன்றும் வைத்திருக்கிறது.

அன்புடன்.

———

தாவுபடை காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐயா, ‘தாவல்’ என்றதும் கட்சித் தாவல்தானே நினைவுக்கு வருகிறது? தவிர, ‘வான்’ இல்லாமல் பொருள் முழுமை பெறுமா?

இன்னொன்று. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியப் படை ஹெலிகாப்டர்களில் வீரர்களை இறக்கியது. நாங்கள் அதைத் ‘தரையிறக்கம்’ என்றே எழுதினோம், பேசினோம். அந்தச் சொல் எங்கள் ஊரில் ஆழ வேரூன்றியது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதியது எதற்கு?

———

வணக்கம் அண்ணா.

முதலில் ‘வான்’. வான்தாவு என்று சேர்த்தால் இலக்கணம் ‘வான்றாவு’ என்று கேட்கும், படிப்பவர் திகைத்துப்போவார். ‘போர்க்கப்பல்’ என்ற சொல்லில் கடல் இல்லை, ஆனாலும் புரிகிறது. இதுவும் அப்படியே நிற்கும். கட்சி தாவியவர்கள் கெடுத்த சொல்லை மீட்பதும் நம் வேலைதான். நல்ல வினைச்சொல் ஒன்றை அவர்களிடம் விட்டுவிட எனக்கு மனமில்லை.

‘தரையிறக்கம்’ பற்றி நீங்கள் சொன்னது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. யாழ்ப்பாணத்தில் இறங்கிய சீக்கியக் காலாட்படையின் முதல் குழுவுக்கு அடுத்த ஹெலிகாப்டர் நடைகள் வரவே முடியவில்லை. அவர்கள் தனித்துச் சூழப்பட்டு, ஒருவர் தவிர அனைவரும் மாண்டார்கள். அதற்குத் தரையிறக்கம் என்பதே சரியான சொல். இறங்கினார்கள், அவ்வளவுதான்.

1965 நவம்பர் 14ஐ அதன் அருகில் வைத்துப் பாருங்கள். அதே இயா டிராங்கில், சூ போங் மலையடியில் ‘எக்ஸ்-ரே’ என்ற வெளியில் இந்த டிவிஷனின் ஹரோல்ட் மூர் தலைமையிலான பட்டாலியன் இறங்கியது. 450 பேர், கையில் 16 ஹியூயி ஹெலிகாப்டர்கள். ஒரு நடையில் நூறு பேரைக்கூட இறக்க முடியவில்லை. போய்த் திரும்ப ஏறத்தாழ அரைமணி. பட்டாலியன் முழுதும் வந்து சேருமுன்பே சண்டை மூண்டுவிட்டது. ஆனால் நடை நிற்கவில்லை. புரூஸ் கிரேண்டல் என்ற விமானி ஆயுதமற்ற ஹெலிகாப்டரில் அன்று 22 நடை பறந்தார். தோட்டாவும் தண்ணீரும் உள்ளே வந்தன, காயம்பட்டவர்கள் வெளியே போனார்கள். மூன்று நாள் சண்டையில் 79 பேரை இழந்தும் அந்தப் படை அங்கே அழியாமல் நின்றதற்கு இந்த நடைகளும் ஒரு காரணம்.

ஆகவே இரண்டு சொல்லும் வேண்டும் என்கிறேன். இறங்குவது மட்டும் என்றால் தரையிறக்கம். இறங்கி, ஊட்டம் பெற்று, எழும்பி, மீண்டும் இறங்கும் ஆற்றல் ஒரு படையின் அமைப்பிலேயே இருந்தால் தாவுபடை. அந்த ஆற்றலுக்காகவே இந்த டிவிஷனுக்கு 400க்கும் மேற்பட்ட ஹெலிகாப்டர்களைக் கொடுத்தார்கள். அவை நிற்க, வியட்நாமில் இதன் தளமான ஆன் கேயில் பெருந்திடல் ஒன்றைத் துப்புரவாக்கியபோது புல்டோசர் விடவில்லை. புல் போய்விட்டால் புழுதி கிளம்பும் என்று வீரர்கள் கத்தியால் புதரை வெட்டினார்கள். அந்தத் திடலுக்குக் ‘கோல்ஃப் மைதானம்’ என்றே பெயர் விழுந்தது.

உங்கள் சொல்லிலிருந்தே இன்னொன்றும் கிடைத்தது: ‘லேண்டிங் ஸோன்’ என்பதற்கு இறங்குகளம். ‘இறங்குகளம் எக்ஸ்-ரே’ என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியத்தில் இடறவில்லை.

இனி மீதி இருப்பது 101ஆவது டிவிஷன் 1974இல் ஏற்றுக்கொண்ட ‘ஏர் அசால்ட்’. ‘தாவித்தாக்கல்’ என்று வைத்திருக்கிறேன். எனக்கே அது முழு நிறைவாக இல்லை. தாக்குதலுக்கு உங்கள் பக்கம் வேறு நல்ல சொல் உண்டா அண்ணா?