காற்று ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, ஆட்களின் ரத்தத்தில் ஈயம் ஏறுகிறது. எங்கே தேடுவது?

பிளேட்செக்‌ஷன்:
லெட் ஆசிட் பேட்டரி ஆலையில் ஈயப் பிளேட்டுகளைப் பிரிப்பது, அடுக்குவது இரண்டும் என் பொறுப்பு. காலரில் பம்ப் மாட்டி 8 மணி நேரம் எடுத்த காற்று மாதிரிகள் எல்லாமே கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் வருகின்றன. ஆனால் அடுக்கும் மேசையில் நிற்கிற சிலருக்கு ரத்தத்தில் ஈயம் ஒவ்வொரு பரிசோதனையிலும் ஏறிக்கொண்டே போகிறது. ஒருவருக்கு டெசிலிட்டருக்கு 38 மைக்ரோகிராம், பக்கத்திலேயே நின்று அதே வேலையைச் செய்பவருக்கு 17. கேட்டால் "ஆட்களை மாற்றி மாற்றிப் போடுங்கள், தானாக இறங்கிவிடும்" என்கிறார்கள். ஈயத்தை வெளியேற்றும் மாத்திரை கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

தொழில்சுகாதாரம்:
முதலில் அந்த 50. அது அமெரிக்காவின் ஓஷா (தொழிலாளர் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு) 1978இல் வைத்த வரம்பு. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து 10 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் காற்றுக்கு 30 என்றும் ரத்தத்துக்கு 15 என்றும் கொண்டுவந்தது, ரத்த வரம்புக்கு மட்டும் 2028 முடிய 30 வரை அவகாசம் உண்டு. அதனால் 50க்குக் கீழே இருப்பதை வைத்து யாரும் நிம்மதி அடையக் கூடாது.

அடுத்தது, பம்ப் காட்டுவது காற்றில் இருப்பதை மட்டும்தான். கையிலிருந்து வாய்க்குப் போவது அதில் தெரியவே தெரியாது. ஒரே மேசையில் 38ம் 17ம் வருகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த வழியைத்தான். சிகரெட் பிடிக்கிறாரா, நகம் கடிக்கிறாரா, கையுறையோடு போனை எடுத்து அதே போனை சாப்பாட்டு இடத்துக்கும் கொண்டுபோகிறாரா, கழற்றிய மாஸ்க்கை உள்பக்கம் மேலே தெரியும்படி மேசையில் வைக்கிறாரா, தாடி இருக்கிறதா (தாடிக்கு மேல் மாஸ்க் ஒட்டி உட்காராது) என்று அவரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். குற்றவாளியை விசாரிப்பது மாதிரி கேட்டால் உண்மை வராது. சாதாரண சோப்பு ஈயத் தூசியை முழுசாக எடுப்பதில்லை, ஈயம் பட்டால் நிறம் மாறுகிற துடைப்புத் தாள் கிடைக்கிறது. சாப்பிடப் போகும் முன், கை கழுவியபிறகு, அதில் ஒருமுறை துடைத்துக் காட்டுங்கள். எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்த நிறம் செய்கிற வேலையைச் செய்யாது.

ஆலைமருத்துவர்:
மாத்திரை யோசனையை இன்றைக்கே நிறுத்துங்கள். ஈயம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்போது எண்ணைக் குறைத்துக் காட்டுவதற்காகக் கொடுப்பதை ஓஷா விதியே தடை செய்கிறது. அந்த மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், ஈயத்தை உடம்பு இன்னும் கூடுதலாக உறிஞ்சவும் வழி செய்யலாம். சிகிச்சை தேவைப்படுகிறவருக்கு, வேலையிலிருந்து விலக்கிவிட்டு, மருத்துவர் பார்வையில் கொடுக்கிற விஷயம் அது.

ரத்தத்தில் இருக்கிற ஈயம் பாதியாகச் சுமார் ஒரு மாதம் ஆகும். எலும்பில் சேர்ந்தது வருடக்கணக்கில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ரத்தத்துக்கு வரும். அதனால் ஆளை மாற்றிப் போட்டால் 38 மெல்ல இறங்கும், ஆனால் அவர் இடத்துக்கு வந்தவருக்கு ஏறும். ஒருவர் வாங்கியதை நாலு பேருக்குப் பங்கு பிரிப்பதைத் தவிர அதில் ஒன்றும் நடக்கவில்லை.

வரம்பைத் தாண்டினாரா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஒவ்வொருவரையும் அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். 12இலிருந்து 20க்குப் போனவரை யாரும் கவனிப்பதில்லை, கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதுதான். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கிற தூசியே கலந்துவிடும், கையில் ரத்தக் குழாயில் ஊசி போட்டு எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, விலக்கினால் சம்பளம் குறையும் என்ற பயம் இருக்கிற இடத்தில் பரிசோதனை நாளன்று ஆளே வர மாட்டார். ஓஷா விதியில், ஈயத்துக்காக விலக்கப்பட்டவருக்கு 18 மாதம் வரை வருமானம் குறையக் கூடாது. உங்கள் இடத்திலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மெயின்டனன்ஸ்:
மேலே ரெண்டு பேரும் ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் மேசையைக் கேட்கிறேன். தூசியை உறிஞ்சும் சக்‌ஷன் இருக்கிறதா, அதன் வாயருகே புகைக் குழாய் (காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட லேசாகப் புகை விடும் சிறு குழாய்) பிடித்துப் பார்த்தீர்களா? மோட்டார் ஓடும், சத்தம் வரும், ஆனால் ஃபில்டர் அடைத்திருந்தால் புகை உள்ளே போகாமல் ஆள் முகத்துக்கு வரும். பக்கத்தில் ஸ்டாண்டு ஃபேன் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு நல்ல சக்‌ஷனும் வீண், தூசி பிடிபடும் முன்பே கலைந்துவிடும். கீழே விழுந்த பிளேட்டை டிராலி சக்கரம் நசுக்கினால் அது மாவாகி ஷிப்ட் முழுக்கப் பறக்கும். உலர்ந்த துடைப்பம், கம்ப்ரெஸ்ட் ஏர் ரெண்டையும் அந்தப் பகுதியை விட்டே எடுத்துவிடுங்கள், சட்டையை ஏர் அடித்துச் சுத்தம் செய்கிற பழக்கம் ரொம்பவே மோசம். நுண்ணிய தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் போட்ட வேக்குவம், இல்லாவிட்டால் ஈரத் துடைப்பு. மாஸ்க் பற்றி இதற்கெல்லாம் அப்புறம்தான் பேச வேண்டும்.

பிளேட்செக்‌ஷன்:
ஃபேன் இருக்கிறது, அந்த 38 காரர் பக்கம் பார்த்தே இருக்கிறது. வெக்கை தாங்காமல் அவர்களே கேட்டு வாங்கியது, சும்மா பிடுங்கினால் சண்டைதான் வரும்.

மெயின்டனன்ஸ்:
பிடுங்க வேண்டாம், அதற்குப் பதிலாக ஒன்று கொடுங்கள். ஆள் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே பெரிய வாய் வைத்து, வெளியிலிருந்து வடிகட்டிய காற்றை மெதுவாகக் கீழே இறக்குவது இந்தத் தொழிலில் பழைய ஏற்பாடு. ஆளுக்குக் குளிர்ச்சி, முகத்தைச் சுற்றி சுத்தமான காற்று, வேகம் குறைவு என்பதால் சக்‌ஷனும் கெடாது. போட்டபிறகு புகைக் குழாயைத் திரும்பப் பிடித்துப் பாருங்கள், அதே ஆட்களுக்குப் பம்ப் மாட்டுங்கள், ஒன்றிரண்டு மாதம் விட்டு ரத்தம் எடுங்கள். காற்றில் ஈயம் குறைந்தும் 38 அசையவில்லை என்றால் கை வழியைத் தேடுங்கள்.